எதற்காகக் கூடினோம்?

(சேகர கமிட்டி உறுப்பினர்களுக்கும் சபைப் பொறுப்பாளர்களுக்கும் நடந்த லெந்துகாலத் தியானக் கூடுகையில் ஆற்றிய அருளுரை)

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 6:1–7, மாற்கு 12:38 முதல் 13:2 வரை



இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாருமே சபையில் ஏதாவதொரு பொறுப்பைத் தோளில் சுமக்கிறவர்கள். கமிட்டி உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். பொருளாளர்கள் இருக்கிறீர்கள். பாடகர் குழுவினர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார் எல்லாரும் வந்திருக்கிறீர்கள். கோயிலுக்கு ஒழுங்காக வாருங்கள் என்று உங்களிடம் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை. கோயில் கதவைத் திறக்கிறவர்களே நீங்கள்தான். கதவைத் திறந்து, மணியடித்து, பாய் விரித்து, காணிக்கையை எண்ணி, கணக்கெழுதி, மறுபடியும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களிடம்தான் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. இத்தனையும் எதற்காக?

சபையைத் திசைதிருப்புவது எது என்று கேட்டால், குடி, பொய்க்கணக்கு, பொறாமை என்று அடுக்குவோம். அவை பாவங்கள், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஆனால் வேதத்தை வாசிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. தேவனுடைய ஜனத்தின் கவனத்தைப் பலமுறை இழுத்துக்கொண்டு போனவை நல்ல காரியங்கள். பந்தி நல்லது. கட்டடம் நல்லது. நிர்வாகம் நல்லது. நல்லது என்பதாலேயே யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. அது மெல்ல நகர்ந்து வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. அந்த நாற்காலி கிறிஸ்துவுக்குரியது. அவரை ஆராதிக்கவும், அவரை அறியாதவருக்கு அறிவிக்கவும், அவர் நேசித்த எளியவரைத் தாங்கவுமே சபை கூட்டப்பட்டது. மற்றதெல்லாம் இதற்கு ஊழியம் செய்யவேண்டியவை.

முதலாவது, எருசலேம் சபையைப் பாருங்கள்.

பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் ஆண்களின் தொகை மட்டும் ஐயாயிரம் என்று லூக்கா எழுதுகிறார். ஆள் பெருகினால் பிரச்சினையும் பெருகும். கிரேக்க மொழி பேசிய யூதர்களின் விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை. உடனே முறுமுறுப்பு. மொழி ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் எந்த ஊரிலும் சண்டைக்கு வேறெதுவும் வேண்டாம்.

அப்போஸ்தலர்களுக்கு முன்னால் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. ஒன்று, பன்னிரண்டு பேரும் வரிந்துகட்டிக்கொண்டு பந்தியில் இறங்கிவிடுவது. ஊரார் மெச்சுவார்கள், பிரசங்கம் நின்றுபோகும். மற்றொன்று, இது உலகக் காரியம், எங்களுக்கு ஆவிக்குரிய வேலை இருக்கிறது என்று கையைக் கழுவிவிடுவது. பிரசங்கம் நடக்கும், விதவை பட்டினி கிடப்பாள். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். நற்சாட்சி வேண்டும், பரிசுத்த ஆவி வேண்டும், ஞானம் வேண்டும் என்று தகுதியும் வைத்தார்கள். அது பிரசங்கபீடத்துக்கு வைத்த தகுதி என்று எண்ணிவிடாதீர்கள். சாப்பாடு பரிமாறுகிற வேலைக்கு வைத்த தகுதி!

அந்த ஏழு பேரின் பட்டியலைக் கவனியுங்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிலிருந்தே ஆட்களை எடுத்திருக்கக்கூடும். முறுமுறுத்தவர்கள் கையிலேயே சாவியைக் கொடுப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நாமானால் சமாதானக் கமிட்டி போட்டு, இரு தரப்புக்கும் சரிபாதி இடம் கொடுத்து, அடுத்த தேர்தல்வரை இழுத்திருப்போம்.

முடிவை லூக்கா எப்படி எழுதுகிறார்? சச்சரவு தீர்ந்தது என்று எழுதவில்லை. இத்தனை பேருக்குப் பந்தி நடந்தது என்றும் எழுதவில்லை. தேவவசனம் பெருகியது, சீஷரின் தொகை கூடியது, ஆசாரியர்களில்கூட அநேகர் விசுவாசத்துக்கு வந்தார்கள் என்று எழுதுகிறார். பந்தியை ஒழுங்குபடுத்தியதன் பலன், சுவிசேஷம் பரவியதில் தெரிந்தது. நம் நிர்வாகத்தையும் இந்தக் கோலால் அளந்து பார்க்கலாமே. நாம் எடுத்த தீர்மானத்தால் வசனம் ஒரு வீட்டுக்காவது கூடுதலாகப் போய்ச் சேர்ந்ததா?

அந்த ஏழு பேரும் வெறும் நிர்வாகிகளாக நின்றுவிடவில்லை. ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்துக்கு முன் சாட்சி சொல்லி உயிரைக் கொடுத்தார். பிலிப்பு சமாரியாவுக்குப் போனார். பின்பு காசாவுக்குப் போகிற வழியில் எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தில் ஏறி உட்கார்ந்து வசனத்தை விளக்கினார். பொருளாளருக்குக் கணக்கு, பாஸ்டருக்கு ஆத்துமா என்ற பிரிவினை அந்தச் சபையில் இல்லை.

இரண்டாவது, ஆலயத்தின் காணிக்கைப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற இயேசுவைப் பாருங்கள்.

ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஸ்தோத்திரக் காணிக்கைப் பண்டிகை வந்தால் அதுதான் பேச்சு. ஆனால் மாற்கு அந்தச் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் எதை வைத்திருக்கிறார் என்று பார்க்கவேண்டும். முன்னால் வேதபாரகரைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. நீண்ட அங்கி போட்டு நடப்பார்கள், சந்தையில் வணக்கம் எதிர்பார்ப்பார்கள், ஜெப ஆலயத்தில் முன் ஆசனத்துக்கு ஆசைப்படுவார்கள், நீளமாக ஜெபிப்பார்கள், அதே கையால் விதவைகளின் வீட்டை விழுங்குவார்கள் என்று ஆண்டவர் சொல்லி முடிக்கிறார். அடுத்த காட்சியிலேயே ஒரு விதவை வருகிறாள். பிழைப்புக்கு வைத்திருந்ததையெல்லாம் போட்டுவிட்டுப் போகிறாள். ஆண்டவர் சீஷர்களைக் கூப்பிட்டு அவளைக் காட்டுகிறார்.

அதன்பின் ஆலயத்தைவிட்டு வெளியே வருகிறார்கள். சீஷரில் ஒருவர் வாயைத் திறக்கிறார். அந்த விதவை எங்கே போனாள், இன்று ராத்திரி எதைச் சாப்பிடுவாள் என்று கேட்கவில்லை. போதகரே, இந்தக் கல்லைப் பாரும், இந்தக் கட்டடத்தைப் பாரும் என்கிறார்! இப்போதுதானே ஆண்டவர் ஒரு மனுஷியைக் காட்டினார். அதற்குள் கண் கல்லுக்குப் போய்விட்டது.

அவரைக் குறை சொல்ல முடியாது. அது ஏரோதின் ஆலயம். அந்தக் காலத்தில் காண்போரை மலைக்கவைத்த கட்டடம். வேலை நாற்பத்தாறு வருஷமாக நடந்தது என்று யோவான் சுவிசேஷத்தில் யூதர்களே சொல்லுகிறார்கள். கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படை வந்து அதை இடித்துத் தள்ளியது. அந்தக் கற்களை அடுக்கியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத அந்த விதவையைப் பற்றி இன்றைக்கும் உலகமெங்கும் பேசுகிறார்கள். ஆண்டவர் எதைப் பார்க்கிறவர் என்பது நமக்குப் புரியவேண்டும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாழைத்தார் வருகிறது, சேவல் வருகிறது, ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போகிறது. ஏலம் எடுத்தவர் பெயரை மைக்கில் இரண்டு தரம் சொல்லுகிறோம். அதே மேஜையின் ஓரத்தில் ஒரு வயதான அம்மா காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து வைத்த நான்கு முட்டை இருக்கும். அதைக் கொண்டுவந்தவர் யார், அவர் வீட்டுக்குக் கடைசியாக நாம் எப்போது போனோம் என்பது கமிட்டியில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏலம் நடக்கட்டும். முட்டையைக் கொண்டுவந்த கையையும் பார்க்கிற கண் நமக்கு வேண்டும்.

மூன்றாவது, நம்முடைய சொந்தச் சரித்திரத்தைப் பாருங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற ஊரில், ஒரு கிராமப் போதகருக்கு மகனாக 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக இருந்த அவர் 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியரை அனுப்பிச் சுவிசேஷம் அறிவிப்பதைப் பார்த்தார். நம் திருநெல்வேலிச் சபைகளுக்கு இத்தனை கோயில், இத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறதே, நாம் யாரை அனுப்பினோம் என்ற கேள்வியோடு திரும்பினார். அடுத்த வருஷமே, 1903-இல், இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையில் பிறந்தது. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். மற்றவரை அனுப்பியதோடு நிற்காமல், அசரியாவே 1909-இல் அங்கே போய், தெலுங்கு படித்து, கிராமம் கிராமமாக நடந்தார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

பேராயருக்குப் பேராலயம் வேண்டுமல்லவா? தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டையானது 1939-இல். அவர் பேராயராகி 26 வருஷத்துக்குப் பிறகு. அதற்குள் ஒடுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்துவிடம் வந்திருந்தார்கள். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் சொன்னதைத் தம்முடைய வாக்குறுதியாகவே சொல்லவேண்டும் என்று அசரியா வைத்திருந்தார். கூலிக்காரனுக்கும் அதே வாக்குறுதி, எழுத்தறியாத தாய்க்கும் அதே வாக்குறுதி. சபைக்குள் வந்த முதல் நாளிலேயே, எதற்காக வந்தாய் என்பதைத் தலையில் கைவைத்துச் சொல்லவைத்துவிட்டார்.

தென்னிந்தியத் திருச்சபையின் ஐக்கியத்துக்கு வித்திட்டதும் இதே பாரம்தான். 1919-இல் தரங்கம்பாடியில் அசரியா முதலானோர் கூடி ஐக்கியத்துக்கு அறைகூவல் விடுத்தபோது, பிரிந்து கிடக்கிற சபையால் இந்த நாட்டுக்குச் சுவிசேஷம் சொல்ல முடியாது என்பதே அவர்களுடைய துக்கம். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் அந்த ஐக்கியம் நிறைவேறியது. அதைப் பார்க்க அசரியா உயிரோடு இல்லை. சுவிசேஷத்துக்காக ஒன்றான நாம், இன்றைக்கு நாற்காலிக்காக இரண்டாகி, தேர்தல் வழக்குக்கென்று கோர்ட்டுப் படி ஏறுகிறோம். வக்கீல் பீஸாகப் போகிற காசு யாருடைய காசு? உலையில் அரிசி போடுமுன் காணிக்கைக்கென்று ஒரு கைப்பிடி எடுத்துக் கலயத்தில் வைத்தார்களே, அந்தத் தாய்மாருடைய காசு.

இனி நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். சபையின் வருடாந்தர அறிக்கையை எடுங்கள். பெயிண்ட் அடித்தது, சீலிங் ஃபேன் மாற்றியது, புது ஒலிபெருக்கி, சுற்றுச்சுவர், அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி, ஏலத்தில் வந்த தொகை, சங்கக் காணிக்கை பாக்கி. பக்கம் பக்கமாக இருக்கும். எல்லாம் தேவையானதே. கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் ஞானஸ்நானக் கணக்கு வரும். அதிலும் பெரும்பாலும் நம் வீட்டுக் குழந்தைகள்தான். நம்மிடமிருந்து விலகிப்போனவர்கள் எத்தனை பேர், அவர்களைத் தேடிப்போனவர் யார் என்பதற்கு அந்த அறிக்கையில் ஒரு பத்திகூட இருக்காது.

கருவிகள் இருந்தால் மட்டும் போதாது என்பது நம் தேரிக்காட்டு ஊர்களில் பனையேறுகிற அண்ணாச்சிமாருக்கு நன்றாகப் புரியும். பாளை அருவாள் தீட்டியிருக்கிறது. முருக்குத்தடி இருக்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயம் இருக்கிறது. ஆனால் மரத்தில் ஏறிப் பாளையைச் சீவினால்தான் பதனீர். அதுவும் இன்றைக்குச் சீவியது நாளைக்கு உதவாது. சீவாமல் விட்டால் பாளை காய்ந்துவிடும். சபைக்கும் அப்படியே. தாத்தா காலத்து எழுப்புதலை வைத்து இன்றைய சபை பிழைக்க முடியாது.

ஆகவே மூன்று காரியங்களைத் தீர்மானித்துக்கொண்டு போவோம்.

முதலாவது, கமிட்டி கூடியதும் வரவுசெலவைத் திறக்குமுன், அந்த மாதம் கோயிலுக்கு வராமல்போன வீடுகளின் பெயரைச் சொல்லுங்கள். வியாதிப்பட்டவர், வேலை போனவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், யாரோ பேசிய பேச்சில் மனம் நொந்து ஒதுங்கியவர். ஒவ்வொரு பெயருக்கும் போகவேண்டியவர் இன்னார் என்று மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில், போனீர்களா என்று கேளுங்கள். அதன்பின் சுற்றுச்சுவரைப் பேசலாம்.

இரண்டாவது, வருகிற காணிக்கையில் நம் மதிலுக்கு வெளியே போவது எவ்வளவு என்று பாருங்கள். ஊழியத்துக்கும் ஏழைக்கும் கொடுப்பதை, மீதியிருந்தால் கொடுப்போம் என்று வைக்காதீர்கள். அதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மற்றச் செலவை மீதிக்குள் அடக்குங்கள்.

மூன்றாவது, தேர்தலில் நிற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களை எதிர்த்து நிற்கிறவர் வீட்டுக்குப் போய், அவர் பிள்ளைக்காக அவரோடு முழங்கால்போட்டு ஜெபிக்க முடியுமா? முடியும் என்றால் நில்லுங்கள். சபைக்கு நீங்கள் தேவை. முடியாது என்றால் இந்தத் தடவை விட்டுக்கொடுங்கள். பந்தி பரிமாறவே ஆவியினால் நிறைந்தவர்களைத் தேடிய சபையின் வாரிசுகள் நாம்.

ஜெபிப்போம். ஆண்டவரே, உமக்காகத் தொடங்கிய வேலைகளில் நாங்கள் உம்மையே மறந்துபோகிறோம். எங்கள் பந்தியையும் கட்டடத்தையும் கணக்கையும் உம்முடைய கையில் கொடுக்கிறோம். அவற்றை உமது நாமம் அறிவிக்கப்படுவதற்கு உதவியாக்கும். நீர் காட்டுகிற மனிதரைக் காணும் கண்ணை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலமாய்க் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.