வாயில்லாச் சீவனும் தீராநோயும்

உயிர்களிடத்து இரக்கம் வேண்டுமென்பதை மறுப்பார் நம்முள் ஒருவருமிலர். ஆயினும், ஓருயிர் நம் கண்முன்னே நோயுற்றுக் கிடக்கும்போது, யாது செய்தல் இரக்கம், யாது செய்யாமை இரக்கம் என்று துணிதல் எளிதன்று. மனிதனாயின் தனக்கு வேண்டியது இதுவெனத் தன் வாயாற் கூறுவன். வாயில்லாச் சீவனுக்கு அஃது இயலாது. அதன்பொருட்டு நாமே நினைந்து, நாமே துணிந்து, அத்துணிவின் பயனை அதன் உடம்பிற் சுமத்துகின்றோம். ஆதலின் நமது பொறுப்பு இரட்டிக்கின்றது. பூனைகளுக்கு வரும் ஒரு கொடிய நோயை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

அந்நோயை மிருக வைத்தியர் எப்.ஐ.பி. என்று சுருக்கி வழங்குவர். வயிற்றின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் சவ்வில் அழற்சியை உண்டாக்கும் தொற்றுநோய் என்பது அப்பெயரின் பொருள். இதற்குக் காரணம் பூனைகளுக்குரிய ஒருவகைக் கொரோனா வைரசு. பல பூனைகள் ஒருங்கு வாழுமிடங்களில் இவ்வைரசு மலத்தின் வழியாகப் பரவி அவற்றின் குடலிற் குடிகொள்ளும். அவற்றுட் பல யாதொரு துன்பமுமின்றியிருக்கும். சிலவற்றுக்குச் சிறிது வயிற்றோட்டம் உண்டாகும். மிகச் சிலவற்றின் உடம்பிலோ அவ்வைரசு தன்னியல்பு திரிந்து, நோயை எதிர்த்தற்குரிய வெள்ளணுக்களுள்ளேயே புகுந்து, உடம்பெங்கும் பரவும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட இளம் பூனைகளே இதற்கிரையாகின்றன. சுரம் விடாது காயும், உணவு செல்லாது, உடல் மெலியும். ஒரு வகையில் வயிற்றிலாயினும் மார்பிலாயினும் மஞ்சள் நிறமான பிசுபிசுத்த நீர் கோக்கும். மற்றொரு வகையில் நீர் கோவாது, கண், மூளை முதலிய உறுப்புக்கள் பழுதுறும். நீர் கோத்த பூனை, தக்க மருந்து பெறாதாயின், பெரும்பாலும் சில நாட்களிலேனும் சில கிழமைகளிலேனும் இறந்துபடும்.

1963 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்தன் நகரிலே ஜீன் ஹோல்ஸ்வர்த் என்னும் மிருக வைத்திய அம்மையார் இந்நோயை முதன்முதல் விவரித்துரைத்தார். அன்றுதொட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாக, நோயுற்ற பூனையைத் தூக்கிக்கொண்டு சென்றார்க்கு வைத்தியர் கூறிய விடை பெரும்பாலும் ஒன்றே: இது தீராநோய், இது மேலும் துன்புறாதபடி ஊசியினால் உயிரை நீக்கிவிடுதலே கருணை என்பது. அதன்படி உயிர்நீக்கப்பட்ட பூனைகள் எண்ணில.

டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாச் சர்வகலாசாலையில் நீல்ஸ் பெடர்சன் என்பவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை இந்நோயின் ஆராய்ச்சியிற் செலவிட்டார். அவரும் அவர் கூட்டத்தாரும் ஜீ.எஸ்.-441524 என்னும் மருந்தை, இயல்பாக நோயுற்ற 31 பூனைகளுக்குக் கொடுத்துக் கண்ட பயனை 2019 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் நோய் முற்றியிருந்த 5 பூனைகள் சிகிச்சை முடியுமுன்னரே மாண்டன. எஞ்சிய 26 பூனைகள் 12 கிழமைக்குக் குறையாது மருந்து பெற்றன. அவற்றுள் 8 பூனைகளுக்கு நோய் மீண்டது. எனினும் மறுபடியும் மருந்து பெற்று அவற்றுள் 7 பிழைத்தன. இங்ஙனம் முடிவில் 25 பூனைகள் நெடுங்காலம் உயிர்வாழ்ந்தன. நோய் மாறவில்லை, பூனையும் மாறவில்லை, மாறியது மனிதனது அறிவே. ஆகவே, தீராநோய் என்னுஞ் சொல் நம்மறிவு சென்று நின்ற எல்லையைக் காட்டுமேயன்றி, அவ்வுயிர்க்கு விதித்த எல்லையைக் காட்டாதென்பது பெறப்படும். இதனை மறவாதிருத்தலே இவ்வாராய்ச்சிக்கு முதற்படியாம்.

இதன்பின் நிகழ்ந்த ஒன்று இன்னுஞ் சிந்திக்கத்தக்கது. மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரஸ் தீவு பூனைகளுக்குப் பேர்போனது. ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு மனிதனுக்கு அருகிற் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகளைத் தொல்பொருளாராய்ச்சியாளர் கண்டு, 2004 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். மனிதனும் பூனையும் கூடிவாழ்ந்தமைக்குள்ள மிகப் பழைய சான்றுகளுள் இஃதொன்று. அத்தீவில் 2023 ஆம் ஆண்டின் தொடக்கந்தொட்டு இந்நோய் முன்னொருபோதும் இல்லாத வேகத்திற் பரவிற்று. பூனையின் கொரோனா வைரசும் நாயின் கொரோனா வைரசும் கலந்து பிறந்த புதுவகையொன்று அதற்குக் காரணமென ஆராய்ந்தோர் கண்டனர். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் அந்நாட்டரசினர், கோவிட் நோய்க்கென மனிதர்பொருட்டுச் சேமித்துவைத்து எஞ்சிய மொல்னுபிரவிர் என்னும் மருந்தைப் பூனைகளுக்குக் கொடுக்க இசைந்தனர். மனிதன் தன் பண்டகசாலையைத் திறந்து, தனக்கென வைத்த மருந்தைப் பூனைக்கு ஈந்தான். இதனைக் கேட்போருட் போற்றுவாரும் உளர், நகைப்பாரும் உளர். நகைப்பார் கூறுந் தடைகளை முதற்கண் ஆராய்வாம்.

பூனை எலியையும் பறவையையும் கொன்று தின்னும் பிராணி. கொலைத்தொழிலுடைய அதற்குக் கருணை செய்தல் எற்றுக்கென்பார் ஒருசாரார். பூனை ஊனின்றி வாழ இயலாத உடம்பைப் பெற்றது. நன்றிது தீதிதுவென்னும் ஆராய்ச்சி அதற்கில்லை. ஆராயுமறிவு படைத்த மனிதன் செய்யுங் கொலைக்கும் அதனை ஒப்பிடுதல் முறையன்று. அன்றியும், தகுதி பார்த்துச் செய்வது கூலியாம். துன்பம் பார்த்துச் செய்வதே இரக்கமாம்.

நோய் அவ்வுயிரின் வினைப்பயன். அதனைத் தடுக்க நாம் யாரென்பார் இன்னொருசாரார். இவர் தம் பிள்ளைக்குச் சுரங் காணும்போது இந்நியாயத்தைக் கூறிக்கொண்டு வாளாவிருப்பரோ? இரவென்றும் பகலென்றும் பாராது வைத்தியர் வீட்டுக்கு ஓடுவரன்றோ? நோய் வினையால் வந்ததாயின், அதனைத் தீர்ப்பார் கையில் அவ்வுயிர் சேர்ந்ததும் வினையாலேயே வந்ததாகும். பிறர் துன்பத்தைக் கண்டு சும்மாவிருத்தற்கு வினையைச் சாட்டுதல், சோம்பலுக்குத் தத்துவப் போர்வை போர்த்தலேயாம்.

மூன்றாவது தடை வலியுடையது. மனிதர் பலர் மருந்தின்றி வாடப் பூனைக்குப் பொருள் செலவிடுதல் தகுமோ என்பது அது. இதனை எளிதிற் புறக்கணித்தலாகாது. தன் மனைவி மக்களைப் பட்டினியிட்டும், தீராக் கடன்பட்டும் பூனைக்கு மருந்து வாங்குவோன் ஒரு கடமையைச் செய்ய வேறொரு கடமையைக் கொல்கின்றான். சைப்பிரஸ் தீவிற் கொடுக்கப்பட்டது எஞ்சிய மருந்தாதலின், ஆங்கு இத்தடை நில்லாது. மற்றையிடங்களிலோ ஒவ்வொருவரும் தத்தம் வருவாயை அளந்தே துணிதல்வேண்டும். அங்ஙனம் அளந்து இயலாதென விடுத்தவரைக் குறைகூற யார்க்கும் உரிமையில்லை. ஆயினும் ஒன்றுண்டு. காட்டு விலங்கின் நோய்க்கு நாம் பொறுப்பாளரல்லேம். வீட்டுப் பூனையையோ நாமே கொணர்ந்தோம். நாமே அடைத்து வளர்த்தோம். பல பூனைகளை ஒரு சிறிய இடத்தில் நெருக்கி வைக்குமிடத்தே இவ்வைரசு செழித்துப் பரவுகின்றது. நோய்க்கு ஒருபாற் காரணமானவன், அந்நோய் நேர்ந்தபொழுது யான் யாரோ, இது யாதோ எனல் நேர்மையாகாது.

நான்காவது, மருந்து பெறும் வழியைப் பற்றியது. ஆராய்ச்சியின் பயன் வெளிவந்த பின்னரும் அம்மருந்து மிருகங்களுக்கென முறைப்படி விற்பனைக்கு வரவில்லை. தீரும் நோயென்று அறிந்தும் மருந்து கிடையாமையாற் பூனை வளர்ப்போர் பலர் தம்முட் கூடி, சீனாவிற் செய்யப்பட்டு அநுமதியின்றி விற்கப்பட்ட குப்பிகளை மறைவில் வாங்கித் தாமே ஊசி போட்டனர். கண்முன்னே ஓருயிர் மாய, சட்டத்தின் வாயிலை நோக்கிக் காத்திருக்கமாட்டாது அவர் செய்ததைக் கொடுங்குற்றமென யாம் கூறேம். ஆயினும் குப்பியினுள்ளே இருப்பது யாது, அதன் வலிமை எவ்வளவு என்றறியாது கொடுத்தலில் உள்ள இடர், கொடுப்பவனுக்கன்று, பூனைக்கே உரியது. அன்பு தன்னைத்தான் இடருக்குள்ளாக்கலாம். பிறிதோருயிரை அறியாமைக்குப் பணயம் வைத்தல் அதற்கு அழகன்று. பிரித்தானியாவில் 2021 ஆம் ஆண்டு தொடக்கமும், அமெரிக்காவில் 2024 ஆம் ஆண்டு யூன் மாதந் தொடக்கமும், மிருக வைத்தியரின் கட்டளைப்படி இம்மருந்தை நேர்வழியிற் பெறுதல் கூடுவதாயிற்று. நேர்வழி திறந்தவிடத்து மறைவழியை நாடுதற்கு நியாயமில்லை.

இனி, மருந்தை ஏற்பாரும் மறத்தற்காகாத ஒன்றுளது. இம்மருந்தின் ஆற்றலை அறிதற்பொருட்டு, ஆராய்ச்சிச்சாலையில் நோயற்றிருந்த பூனைகளுக்கு வேண்டுமென்றே அந்நோயை ஏற்றினர். நோய்ப்பட்ட 10 பூனைகளுக்கு மருந்து கொடுத்து, அவை குணமடைந்தமையை 2018 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவை குணமடைந்தன என்பது ஆறுதலே. ஆயினும், தம்மாற் கேட்கப்படாத துன்பத்தை அவை அநுபவித்தன என்பதும் உண்மையே. பின்னர்ப் பிழைக்கும் ஒவ்வொரு பூனையும் அவற்றுக்குக் கடன்பட்டது. அக்கடனை மருந்தின் விலையோடு சேர்த்துக் கொடுத்தொழித்துவிட்டோமென எண்ணுதல் தவறு. இனியொரு பூனைக்கு இந்நோய் வாராதபடி, அளவுக்கு மிஞ்சி இனம் பெருக்காமலும், நெருக்கி அடைத்து வையாமலும், மலம் கழிக்கும் இடத்தைத் தூய்மையாக வைத்தும் ஒழுகுதலே அக்கடனை இறுக்கும் வழியாம்.

இத்துணையும் கூறியவற்றால் மருந்து தேடுதல் தகுமென்பது போந்தது. ஆயின், எங்கே நிறுத்துதல்வேண்டும்? இதுவே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை.

முதலில் நடைபெற்ற சிகிச்சை 84 நாட்கள் நாடோறும் தோலின்கீழ் ஊசி போடுவதாக அமைந்தது. அம்மருந்துநீர் புளிப்புத்தன்மை உடையதாதலின் ஊசி ஏறும்போது எரிவு தரும். சிலவற்றுக்குப் புண்ணும் உண்டாகும். தன்னை நாடோறும் ஏன் நோகச் செய்கின்றார்களென்பது பூனைக்குத் தெரியாது. தன்னை வளர்த்தவர் கையே தன்னைக் குத்துகின்றதென்பது மாத்திரம் அதற்குத் தெரியும். பின்னர் வாய்வழியாகக் கொடுக்கும் மருந்து வந்தது. நீர் கோத்த வகைக்கு 42 நாட் சிகிச்சையே 84 நாட் சிகிச்சைக்கு நிகராகப் பயன்றந்தமையை 40 பூனைகளிற் கண்டு 2024 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். துன்பங் குறைந்ததேனும் முற்றாக ஒழியவில்லை. அத்துன்பத்தை அதன்மேற் சுமத்துதற்கு நமக்குள்ள நியாயம் ஒன்றே: அதன் பயன் அப்பூனைக்கே சேரும் என்பது.

ஈண்டு அன்பையும் பற்றையும் பிரித்தறிதல்வேண்டும். இவ்விரண்டும் ஒரே கண்ணீரை உடையன. ஆதலின் பார்த்த மாத்திரத்தே வேறுபாடு தோன்றாது. பூனை வாழ்தல்வேண்டும் என்பது அன்பு. பூனையை யான் இழத்தலாகாது என்பது பற்று. மருந்து பயன்றருங் காலத்து இரண்டும் ஒருவழியே செல்லும். பயன்றராக் காலத்திலேதான் அவை பிரியும். மருந்து உடம்பில் ஏறினால் சில நாட்களிலேயே பெரும்பாலும் சுரந் தணியும், பூனை உணவை நாடும், எழுந்து நடக்கும். அங்ஙனமின்றி நாளுக்கு நாள் நலிந்து, உண்ணாது, ஒடுங்கிக் கிடக்குமாயின், நோய் இதுதானாவென மறுபடியும் ஆராய்தலும், மருந்தின் அளவைத் திருத்துதலும் வைத்தியர் கடன். எல்லாஞ் செய்தும் பயனில்லையென்றறிந்தபின், நாளை நன்றாகும் நாளை நன்றாகும் என்று ஊசியைத் தொடர்வது பூனைக்குச் செய்யும் உபகாரமன்று. நம் மனத்துக்கு நாமே செய்துகொள்ளும் ஆறுதல். அந்நிலையில் வலி தணிக்கும் மருந்தும், இளஞ்சூடும், அமைதியும், பழகிய கையின் தொடுகையுமே செய்தற்குரியன.

அந்நிலையில் ஊசியினால் உயிரை நீக்குதல் தகுமோவெனின், கொல்லாமையை விரதமாகக் கொண்டார் அதற்கு உடன்படார். மேனாட்டு வைத்தியர் அதனையே கருணையென்பர். இவ்வழக்கு ஒரு கட்டுரையில் முடியத்தக்கதன்று. எனினும் இருதிறத்தாரும் ஒப்பவேண்டியதொன்றுண்டு. 1963 ஆம் ஆண்டு முதல் 2019 ஆம் ஆண்டு வரையும் தீராநோயென்று உயிர்நீக்கப்பட்ட பூனைகளுட் பலவற்றை, இன்றுள்ள மருந்து அன்றிருந்திருக்குமாயின் பிழைப்பித்திருக்கலாம். அதற்கு அக்கால வைத்தியரைக் குறைகூறுதல் பொருந்தாது, அவரறிந்தது அவ்வளவே. இன்றோ தீர்க்கும் மருந்து உண்டென்பதைத் தேடியறியாமலும், அறிந்தும் வளர்த்தவர்க்குச் சொல்லாமலும் உயிரை நீக்குதல் கருணையெனப்படாது. அறியாமை செய்த பிழைக்கு மன்னிப்புண்டு. அறிய முயலாமை செய்த பிழைக்கு அஃதரிது.

ஆகலின், நோயுற்ற வாயில்லாச் சீவனுக்கு நாம் செய்யவேண்டிய முதற்கடன் கண்ணீர் விடுதலன்று. தீருமோ தீராதோவென நன்கு கேட்டறிதலே. தீருமெனின், இயன்ற அளவு பொருளும் பொறுமையும் செலவிடுதல் இரண்டாங் கடன். தீராதெனின், நமது பற்றை அதன் உடம்பில் ஏற்றாது அடக்கிக்கொள்ளுதல் மூன்றாங் கடன். இம்மூன்றனுள் இறுதியிலுள்ளதே செய்தற்கரியது. அதனைச் செய்யவல்லார் கையிலேயே ஓருயிரை ஒப்புவித்தல் தகும் என்க.