இரண்டு வாக்கு, ஒரு கேள்வி

இலங்கையின் 1960 மார்ச் தேர்தலில் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியானது; வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. புளியந்தீவுத் தமிழரும் காத்தான்குடி முஸ்லிம்களும் சேர்ந்து வாக்களிக்கும் தொகுதி. இரு சமூகத்துக்கும் ஓர் ஆசனம் கிடைக்கட்டும் என்பது எண்ணம்.

1970இல் அது பலிக்கவில்லை. சுயேச்சையாக நின்ற ராஜன் செல்வநாயகம், தமிழரசுக் கட்சியின் செ. இராசதுரை, இருவருமே தமிழர். அப்படியானால் காத்தான்குடிக்காரருக்குப் பிரதிநிதியே இல்லையா? சட்டப்படி இருவர் இருந்தார்கள். ஆனால் தன்னைப் போல் தொழுகிறவர்தான் தனக்காகப் பேசமுடியும் என்று நம்புகிற மனத்துக்குச் சட்டம் பதிலாகாது.

அந்த நம்பிக்கையும் முழு உண்மையல்ல. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்ற இராசதுரை, 1979இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறி அமைச்சரானார். இந்து விவகாரமும் அவர் பொறுப்பு. அவரைத் தேர்ந்த பல தமிழருக்கு அது துரோகம். உறுப்பினர் வாக்காளரின் தூதரல்ல, தம் பகுத்தறிவுக்கும் கடன்பட்டவர் என்று 1774இல் பிரிஸ்டலில் வாதிட்டார் பிரித்தானிய அரசியல்வாதி எட்மண்ட் பர்க். 1780இல் தோல்வி தெரிந்து அங்கே போட்டியிலிருந்து விலகினார்! இராசதுரையோ 1989 வரை உறுப்பினர்.

1989 பொதுத் தேர்தலில் விகிதாசார முறை நடைமுறைக்கு வந்தது. இன்று மூன்று விருப்பு வாக்கு உண்டு. மூன்றும் ஒரே கட்சிப் பட்டியலுக்குள். கட்சி தாண்டி அயல் சமூகத்தவர் ஒருவரையும் தேர்கிற வழி வாக்குச்சீட்டிலேயே இல்லை.