பழைய கேமராக்களும் ஒரு பழைய அமானிதமும்

சென்னை மந்தைவெளியிலிருந்து வாசகி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மாமனார் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. “மாமா தொழுகையில் குறை வைப்பதில்லை. யாரையும் கடிந்து பேசுவதுமில்லை. ஆனால் எங்கே பழைய கேமரா கண்ணில் பட்டாலும் வாங்கி வந்துவிடுகிறார்கள். நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பிள்ளைகள் படிக்கும் மேசை முழுவதும் அவைதாம். இரவில் அவற்றைத் துடைத்துக்கொண்டே கப்பல் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இது வீண் விரயம் ஆகாதா? மார்க்கம் என்ன சொல்கிறது?” என்பது அவருடைய கேள்வி.

வீண் விரயம் கூடாது என்று ஒரு வரியில் எழுதி முடித்திருக்கலாம். ஆயினும் ஒரு மனிதரைப் பாராமல் அவருடைய பிரியத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற நமக்கு மனம் வரவில்லை. ஆர்.கே. மடம் சாலையிலிருந்து பிரியும் சிறு தெரு ஒன்றில் இருக்கும் அந்த வீட்டுக்கு ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் சென்றோம்.

“வாங்க, வாங்க. மருமகள் புகார் எழுதியதை என்னிடமும் சொல்லிவிட்டது” என்று சிரித்துக்கொண்டே வரவேற்றார் பெரியவர். மேசைமேல் கறுப்புப் பெட்டிகளாக அடுக்கியிருந்தன. மடித்து விரிக்கும் துருத்தி வைத்த ஜெர்மானியக் கேமராக்களும், கோடக் பெட்டிக் கேமராக்களும் அவற்றுள் இருந்தன. பரோடாவில் செய்யப்பட்டு ஒரு காலத்தில் நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் புழங்கிய ‘அக்ஃபா கிளிக் III’ மட்டும் ஐந்து இருந்தன. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படந்தான் எடுக்கலாம். ஆதலால் படம் எடுப்பவர் யோசித்து எடுத்தார். நின்றவரும் மூச்சை அடக்கி நின்றார்.

கேமராவைப் பற்றிப் பேசும்போது நம்மவர் சிலர், அச்சொல்லே அரபியிலிருந்து பிறந்தது என்று மேடையில் முழங்குவதுண்டு. அது சரியன்று. ‘அறை’ என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. இருட்டறையின் சிறு துளை வழியே நுழையும் ஒளி எவ்வாறு வெளியிலுள்ளதைத் தலைகீழாகக் காட்டுகிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்த பஸராவின் இப்னுல் ஹைதமைப் பற்றி நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அந்தப் பெருமைக்கு இல்லாத சொல்லாராய்ச்சி எதற்கு?

படமெடுப்பது ஆகுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருந்து வந்துள்ளது. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், புகைப்படம் என்பது உருவத்தைப் படைப்பதன்று, நிழலைப் பிடித்து வைப்பதே என்று விளக்கி அனுமதித்தார்கள். நம் நாட்டு ஆலிம்களில் பலர், கடவுச்சீட்டு போன்ற அவசியத்துக்கு அன்றிக் கூடாது என்றனர். அந்த விவாதத்தை இங்கே கிளற நாம் விரும்பவில்லை. ஜகாத் பற்றியும் வாசகி கேட்டிருந்தார். சொந்தப் பயனுக்கு வைத்திருக்கும் பொருளுக்கு ஜகாத் இல்லை. விற்று லாபம் பார்க்க வாங்கினால் வியாபாரச் சரக்காகிவிடும், அப்போது உண்டு. பெரியவர் எதையும் விற்றதில்லை.

பேச்சு கப்பலுக்குத் திரும்பியது. அவர் வேலை செய்தது ‘சிதம்பரம்’ கப்பலில். அதற்கு முன் இந்த வழியில் ஓடிய ‘ரஜுலா’வை நம் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1926ல் கட்டப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்து 1974ல் உடைக்கப்பட்ட கப்பல் அது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் போட்ட கடைகளின் முதல் மூட்டைகளைச் சுமந்தவற்றுள் அதுவும் ஒன்று. அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’, 1966ல் பிரான்சில் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் கட்டப்பட்டது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்துக்கு வெளியே நங்கூரமிட்டு, படகுகளில் வரும் பயணிகளை ஏற்றிக்கொண்டு, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போகும்.

பெரியவர் அதில் பண்டாரி. நம் வீட்டுக் கலியாணச் சமையற்காரரைப் பண்டாரி என்கிறோமே, கப்பலிலும் சமையற்காரருக்கு அதே பெயர்தான். விடியுமுன் எழுந்து மாவு பிசைய வேண்டும். நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு வடிக்க வேண்டும். கடல் புரளும் நாளில் அண்டாவைச் சங்கிலியால் கட்டி வைப்பார்களாம். “போகும்போது கப்பல் கிழக்கே போகும், நாம் மேற்கே பார்த்துத் தொழுவோம். கப்பல் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்” என்றார். கப்பல் திரும்பினால் தொழுபவரும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும், நிற்க முடியாமல் தலை சுற்றினால் உட்கார்ந்து தொழலாம் என்ற சட்டங்களை நாம் கிதாபுகளில் படித்தோம். அவர் அடுப்படியில் நின்று கற்றுக்கொண்டார்.

இதுவரை கேட்டதில் ஒரு முதியவரின் இனிய நினைவுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. நாம் விடைபெற எழுந்தபோது அவர், “உட்காருங்க. நான் கேட்க வேண்டியது இனிமேல்தான் இருக்கு” என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார்.

உள்ளே மூன்று ஃபிலிம் சுருள்கள் இருந்தன. உதகையில் தயாரான ‘இந்து’ ஃபிலிம். எடுத்து முடித்தும் கழுவப்படாதவை. அவற்றோடு ஒரு சிறு குறிப்பேடு. 1983 செப்டம்பரில் ஒரு பயணத்தில், மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கிய கேமராவால் கீழ்த்தளப் பயணிகளைப் படமெடுத்தாராம். அவர்களில் பலர் அதுவரை குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டதே இல்லை. “ஊருக்கு அனுப்பி வையுங்க தம்பி, எங்க உம்மா பார்க்கணும்” என்று கேட்டு விலாசம் கொடுத்தார்கள். பதினான்கு பேர் அச்சுக்கும் தபாலுக்குமாக ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். இருபத்தோரு விலாசங்கள். பெரும்பாலும் ‘தஞ்சை ஜில்லா’ என்று முடிபவை.

அனுப்பவில்லை. ஏன் என்று நாம் கேட்கவில்லை; அவரே சொன்னார். முதலில் சோம்பல். பிறகு விடுப்பில் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் விடுப்பில் இருந்தபோது, 1984 பிப்ரவரியில், கப்பலில் தீப்பிடித்தது. பலர் மாண்டனர். அடுத்த ஆண்டு கப்பலையே உடைத்துவிட்டார்கள். “செப்டம்பரில் போனவங்க பிப்ரவரியில் திரும்பியிருக்கலாம் இல்லையா? கழுவிப் பார்த்தால் யார் முகம் வருமோ என்று பயம். பயம் போவதற்குள் நாற்பது வருசம் போய்விட்டது.” பின்னர் சரக்குக் கப்பல்களில் உலகெங்கும் சுற்றியபோதும் அந்த டப்பா அவருடைய பெட்டியின் அடியில் கிடந்திருக்கிறது. பழைய கேமராக்களின் மீது வந்த ஆசை எங்கிருந்து தொடங்கியது என்பதை மருமகள் அன்றுதான் அறிந்தார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பொருளின் மீது வைக்கும் பிரியத்தைப் பற்றி நம்மிடம் கேட்கப்பட்டது. அந்தப் பிரியத்துக்கு அடியில் ஒரு கடன் இருந்தது. அதை மூடி வைக்கக் கேமராக்களை அடுக்கினால், அந்த நாற்பதும் நாற்பது திரைகள்தாம். விரயம் என்பது அதற்குச் சிறிய பெயர். அந்தக் கடனைத் தீர்க்க அவற்றைத் தொட்டால் கதை வேறு.

இருபத்தெட்டு ரூபாயின் விஷயம் எளிது. கொடுத்தவரைத் தேட வேண்டும். அவர் இல்லையேல் வாரிசுகளை. எவரையும் கண்டுபிடிக்க முடியாதபோது அவர்கள் பேரால் தர்மம் செய்துவிட வேண்டும் என்று மார்க்க அறிஞர்கள் வழி காட்டியுள்ளனர். ஆனால் படத்தை எப்படித் தர்மம் செய்வது? ஒரு தாயின் முகத்தை ஏழைக்குக் கொடுத்தால் அவனுக்கு அது வெறுங் காகிதம். உரியவரிடம் மட்டுமே போய்ச் சேரக்கூடிய பொருள் அது. எனவே வைத்திருப்பவர் தூக்கியெறியவும் முடியாது, வேறு வழியில் கழிக்கவும் முடியாது.

பேரன் ஒரு யோசனை சொன்னான். கழுவிய படங்களைக் கைப்பேசியில் ஏற்றிப் பொதுவில் பரப்பிவிட்டால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் பார்ப்பார்கள், யாராவது அடையாளம் சொல்வார்கள் என்றான். பெரியவர் தலையசைத்து மறுத்தார். “அதிலே பொம்பளைங்க இருக்காங்க. அவங்க ஊரெல்லாம் பார்க்கவா நின்றாங்க? உம்மா பார்க்க நின்றாங்க” என்றார்.

பேரன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. பிள்ளைகள் முகத்தையே காணாத ஒரு குடும்பத்துக்கு அந்தப் படம் கிடைக்கும் வாய்ப்பை வெட்கத்தின் பெயரால் தடுப்பதா என்று நாமும் சற்றுத் தடுமாறினோம். கண்டெடுத்த பொருளுக்கான சட்டம்தான் அப்போது நினைவுக்கு வந்தது. பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் கண்டெடுத்தவன் நன்றாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு அறிவிக்க வேண்டும். உரிமை கோரி வருபவன் அடையாளம் சொல்ல வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய முறை. பள்ளிவாசலுக்குள் அறிவிக்காமல், அதன் வாயிலிலும் கடைத்தெருவிலும் அறிவிப்பது வழக்கம். பொருளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிவதில்லை. அறிவிப்பும் உண்டு, மறைப்பும் உண்டு. படச்சுருள் கண்டெடுத்த பொருள் அல்லதான். ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அதைவிடக் கனமானது. ஆயினும் வழி அதுவே என்று நமக்குப் பட்டது. அவருக்கும் பட்டது.

சுருள்களை ஸ்டூடியோவில் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. அந்நியர் பார்க்கக் கூடாது என்பது ஒன்று. பழைய ஃபிலிமை ஒரு முறைதான் கழுவ முடியும், கெட்டால் போனதுதான் என்பது மற்றொன்று. குளியலறையின் காற்றுப் போக்கியை அட்டையால் அடைத்து, கேமராக்களோடு பல ஆண்டுகளாகப் பழகிக் கற்ற தொழிலால் தாமே கழுவினார். முதல் சுருள் முழுவதும் கறுத்துப் போயிற்று. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று மருமகள் சொன்னார். மற்ற இரண்டில் பத்தொன்பது படங்கள் தேறின. பனிமூட்டத்தில் நிற்பவர்கள் போல மங்கலாக இருந்தாலும் முகங்கள் தெரிந்தன.

இருபத்தோரு விலாசங்களுக்கும் கடிதம் எழுதினார். விலாசத்தை எழுதிக் கொடுத்தது மருமகளின் கைதான். அவருக்கு இப்போது விரல் நடுங்குகிறது. எட்டுக் கடிதங்கள் திரும்பி வந்தன. நாகைக் கடற்கரை ஓரத்து விலாசம் ஒன்றில், 2004 சுனாமிக்குப் பின் அந்தத் தெருவே இல்லை என்று தபால்காரர் பென்சிலால் எழுதியிருந்தார். அதைப் பெரியவர் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்திலேயே செருகி வைத்திருக்கிறார்.

காரைக்காலிலிருந்து ஒரு பதில் வந்தது. எழுதியவர் அப்போது ஆறு வயதுப் பையனாம். பெற்றோர் இருவரும் இப்போது இல்லை. அத்தா 1984 ஜனவரியிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தார். பெரியவர் அந்த வரியைப் பலமுறை படித்தார். அடையாளம் கேட்டதற்கு, “உம்மா கையில் தகரப் பெட்டி இருக்கும். பிடி அறுந்து கயிறு கட்டியிருந்தோம்” என்று எழுதியிருந்தார். படத்தில் கயிறு தெரிந்தது. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார்.

கேமரா வாங்குவதை நிறுத்திவிட்டாரா என்று வாசகி மீண்டும் எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை. மேசையில் பிள்ளைகளுக்குப் பாதி இடம் கிடைத்திருக்கிறது என்று மட்டும் அறிகிறோம்.

1983 செப்டம்பரில் ‘சிதம்பரம்’ கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி, இளம் பண்டாரி ஒருவரிடம் படம் எடுத்துக்கொண்டு விலாசம் கொடுத்தவர்களோ, அவர்களுடைய வாரிசுகளோ நம் வாசகர்களிடையே இருந்தால், படத்தில் யார் யார் நின்றார்கள், கையில் என்ன இருந்தது என்று இவ்விதழுக்கு எழுத வேண்டுகிறோம். பதினெட்டுப் படங்கள் உள்ளன.