அறிவும் அரைக்கால் வேலியும்

சென்ற ஆண்டுக் கோடையில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், வாலாசாபாத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தென்னேரியில் உள்ள நம் இல்லம் தேடி வந்தார். வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுத்து அமரச் செய்தோம். மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள் என்ற செய்தியைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

"அண்ணே, பிள்ளை சமஸ்கிருதம் பி.ஏ. படிக்கப் போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்குது. அதைப் படிச்சா சோறு கிடைக்குமா? அதை விடுங்க, நம்ம பிள்ளை அதைப் படிக்கலாமா?"

இரண்டு வினாக்களையும் அவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். ஆயினும் அவை வேறு வேறான வினாக்கள். முன்னது வயிற்றைப் பற்றியது. பின்னது ஒரு மொழி எவருக்குரியது என்பதைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம்மவர் பலரும் தெளிவற்ற விடைகளைச் சொல்லித் தப்பித்துக்கொள்கின்றனர். அன்று நாமும் உடனே விடை கூறவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டோம்.

அப்பெண்ணுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டறிந்தோம். பள்ளியிலிருந்து உத்திரமேரூருக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் குடவோலைத் தேர்தல் பற்றிய கல்வெட்டை ஆசிரியர் படித்துக் காட்டியிருக்கிறார். இடையிடையே சில எழுத்துகளைக் காட்டி, "இவை கிரந்தம், வடசொற்களை இவ்வெழுத்தில் பொறித்தார்கள்" என்று கூறிக் கடந்துவிட்டாராம். தமிழ்நாட்டில், தமிழ்க் கல்வெட்டில், தமிழ் படித்த தனக்கு விளங்காத எழுத்து இருக்கிறதே என்பது அவள் மனத்தில் தைத்திருக்கிறது. இதைவிட நேர்மையான ஒரு காரணத்தைச் சொல்லிக் கல்லூரியில் சேர்ந்தவர்களை நாம் அதிகம் கண்டதில்லை.

அந்தக் கல்வெட்டையே சற்று நின்று படிப்போம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட விதிகள் அவை. வாரிய உறுப்பினராக விரும்புபவர் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் உடையவராக இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி வாழ்தல் வேண்டும். வயது 35-க்கும் 70-க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். மந்திர பிராமணம் அறிந்திருத்தல் வேண்டும். இவற்றோடு ஒரு சலுகையும் உண்டு. நிலம் அரைக்கால் வேலியே உடையவராயினும், ஒரு வேதமும் நான்கு பாடியங்களில் ஒன்றும் விளக்கிச் சொல்ல வல்லவராயின் அவர் பெயரையும் குடத்தில் இடலாம். அதாவது, குறைந்த அரைக்கால் வேலி நிலத்தைக் கல்வி ஈடு செய்கிறது. கல்விக்கு நில அளவையில் விலை குறித்த ஓர் ஊர் நம் அண்டையில் இருந்திருக்கிறது!

ஆயினும் அச்சபை பிராமணர்களின் சபை என்பதை மறந்துவிட்டுக் கைதட்டுவது முறையாகாது. அந்நிலத்தை உழுதவன் பெயர் எக்குடத்திலும் விழவில்லை. அவன் பிள்ளை அந்தப் பாடியத்தைக் கற்பதற்கு வழியும் இருந்ததில்லை. கல்வியின் பெருமையும் அதைச் சுற்றி எழுப்பப்பட்ட வேலியும் ஒரே சுவரில், ஒரே உளியால் பொறிக்கப்பட்டுள்ளன.

வாலாசாபாத்தை அடுத்த பழைய சீவரத்துக்கு எதிரே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்குச் செல்வோர் இன்னொரு கல்வெட்டைக் காணலாம். வீரராசேந்திர சோழன் காலமாகிய பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வேதமும் இலக்கணமும் கற்ற மாணவர்க்கு அங்கே உணவும் உறைவிடமும் அளிக்கப்பட்டன. பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலசாலையும் இருந்தது. விழுப்புரம் பகுதியிலுள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், 270 இளநிலை மாணவரும் 70 மேல்நிலை மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரி நெல்லளந்து நடத்தப்பட்டது. இவற்றைப் பார்க்கையில் ஒன்று புலனாகிறது. வடமொழிக் கல்வி அக்காலத்திலும் தானாகச் சோறு போட்டதில்லை. அரசும் ஊரும் கோயிலும் சோறு போட்டு அதை வளர்த்தன. "படித்தால் சோறு கிடைக்குமா?" என்ற நண்பரின் வினா புதியதன்று, முன்னாளில் மாணவன் அவ்வாறு கேட்கத் தேவையில்லாதபடி வேறொருவர் விடை கூறியிருந்தார், அவ்வளவே.

இன்று அந்த விடையை யார் கூறுவது? நாம் விசாரித்தறிந்ததை மறைக்காமல் நண்பரிடம் சொன்னோம். பட்டத்தோடு பி.எட். முடித்தால் கேந்திரிய வித்தியாலயங்களிலும் மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை நம்பிப் பயனில்லை. 1968 முதல் இங்கு இருமொழிக் கொள்கை. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின் பத்தாம் வகுப்புவரை தமிழே கட்டாய முதற்பாடம். இச்சட்டத்தில் நமக்கு வருத்தமேதுமில்லை. ஆனால் வடமொழி ஆசிரியர்க்கு இடம் சுருங்கிற்று என்பது உண்மை. எம்.ஏ. முடித்துத் தகுதித் தேர்விலும் வென்றால் கல்லூரிப் பணியை நாடலாம். இடங்கள் சில, காத்திருப்போர் பலர். மைசூரிலுள்ள தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு, சென்னையின் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், 1886-இல் தோன்றிய அடையாறு நூலகம் முதலிய இடங்களில் ஓலையும் கல்லும் படிக்கத் தெரிந்தவர்க்கு வேலை உண்டு. ஆனால் அது ஒருவர் இருவர்க்கே. குடிமைப் பணித் தேர்வில் வடமொழி இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். 1974 முதல் வானொலியில் சமஸ்கிருதச் செய்தி ஒலிபரப்பாகிறது. 2022-இல் கூகுள் தன் மொழிபெயர்ப்புப் பட்டியலில் இம்மொழியைச் சேர்த்தபின், கணினிக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கும் பணிக்கும் சிலரைத் தேடுகிறார்கள். இவை எவையும் இல்லையெனினும் பட்டம் பட்டமே. எந்தப் பட்டமாயினும் போதும் என்னும் அரசுத் தேர்வுகளை இவளும் எழுதலாம்.

இவ்வளவும் கேட்டு நண்பர், "அப்போ ஒண்ணும் நிச்சயமில்லேன்னு சொல்றீங்க" என்றார். ஆம் என்றோம். பொருளியலும் வணிகவியலும் படித்த பிள்ளைகள் ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலை வாயில்களில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்பதை அவரும் அறிவார். நிச்சயமான படிப்பு என்று நாம் நம்பியிருப்பவற்றின் நிச்சயத்தை எவரும் இவ்வளவு கடுமையாக விசாரிப்பதில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில் மதிப்பெண் எளிதில் வரும் என்பதற்காகவே வடமொழியை எடுத்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும் பிள்ளைகள் உண்டு. "இது உனக்கு எதற்கு?" என்று அவர்களை ஒருவரும் கேட்பதில்லை. உண்மையிலேயே கற்க விரும்பும் பஞ்சர் கடைக்காரர் மகளிடம்தான் உலகம் முழுவதும் அந்த வினாவைக் கேட்கிறது.

இனி இரண்டாவது வினா. இதற்கு முன்னும் இது கேட்கப்பட்டிருக்கிறது. வங்கத்து அறிஞர் முகம்மது ஷஹீதுல்லாஹ் 1910-இல் கல்கத்தா சிட்டி கல்லூரியில் வடமொழியில் சிறப்புப் பட்டம் பெற்றார். எம்.ஏ. வகுப்பில் வேதம் கற்க விழைந்தபோது, முஸ்லிமுக்கு வேதம் சொல்லித்தர இயலாது என்று பண்டிதர் சத்தியவிரத சாமசிரமி மறுத்துவிட்டார். துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி ஒப்பியல் மொழிநூல் துறையில் அவருக்கு வழி செய்தார். 1912-இல் அதில் எம்.ஏ. பெற்ற அவர், 1928-இல் பாரிசில் முனைவர் பட்டமும் பெற்றார். அவருக்கு முன்பே, பள்ளி மாணவராயிருந்த அம்பேத்கருக்கு வடமொழி மறுக்கப்பட்டது. அவர் பாரசீகம் படித்தார், பின்னாளில் தம் முயற்சியால் வடமொழி கற்றார். வடமொழி மறுக்கப்பட்ட சிறுவனுக்குப் பாரசீகம் இடமளித்தது என்பதை நம் வாசகர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

இது பழங்கதையன்று. 2019 நவம்பரில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் வடமொழிப் புலத்தில் பெரோஸ் கான் என்பவர் உதவிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அவர் தந்தை ரம்ஜான் கான் ராஜஸ்தானில் பஜனைப் பாடல்கள் பாடுபவர். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். நியமனம் விதிப்படியே நடந்தது என்று பல்கலைக்கழகம் கூறியும், மாணவர் சிலர் வாயிலில் அமர்ந்து மறியல் செய்தனர். அடுத்த மாதமே அவர் அப்பதவியை விட்டு, அதே பல்கலைக்கழகத்தின் கலைப் புலத்து வடமொழித் துறைக்கு மாறினார். மொழி அதுவே, இலக்கியமும் அதுவே, கட்டடம்தான் வேறு!

இதனைக் கண்டு நாம் சினங்கொள்வது எளிது. ஆனால் அந்தச் சினத்தோடு நம் வீட்டுக் கண்ணாடியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். மலப்புரம் மாவட்டத்தில் நம்பூதிரிக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் அரபு ஆசிரியையாகப் பணியாற்றினார்; தொடக்கத்தில் அவரும் எதிர்ப்பைச் சந்திக்க நேர்ந்தது. அரபு நமக்குரியது, பிறர்க்கென்ன என்ற எண்ணம் நம்முள் இல்லையா? அதே அரபு மொழியில் அப்சலுல் உலமா தேர்வு எழுதும் நம் பிள்ளைகளிடம், "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்போரும் நாமே. ஆகவே வடமொழி படிக்கும் ஏழைப் பிராமணப் பிள்ளையும் அரபு படிக்கும் ஏழை முஸ்லிம் பிள்ளையும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். தமக்குரியது என்று ஊரார் சொல்வதும் அதையே. தமக்குப் பயனற்றது என்று ஊரார் சொல்வதும் அதையே.

நம் முன்னோர் இவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை. பாக்தாதில் எட்டாம் நூற்றாண்டிலேயே இந்திய வானநூல் அரபுக்குப் பெயர்க்கப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 1030-இல் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல்பிரூனி, இம்மொழியின் கடுமையைப் பற்றியும், அந்நியரிடம் இந்நாட்டார் விலகி நிற்பதைப் பற்றியும் குறைப்பட்டுக்கொண்டார், குறைப்பட்டுக்கொண்டே கற்றார். பதஞ்சலியின் நூலை அரபில் தந்தார். இளவரசர் தாரா ஷிகோ 1657-இல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் ஆக்குவித்தார். ஐரோப்பா உபநிடதங்களை முதலில் அறிந்தது அந்தப் பாரசீக நூலின் இலத்தீன் பெயர்ப்பு வழியாகத்தான். நம் உமறுப் புலவரோ, நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடிய தம் காப்பியத்துக்குப் புராணம் என்று பெயரிடத் தயங்கவில்லை.

தமிழ்ப் பற்றுடையோர் சிலர், "ஆதிக்க மொழியை ஏன் கற்க வேண்டும்?" என வினவலாம். அவ்வினாவில் பொருளுண்டு. அந்த ஆதிக்கத்தை எதிர்த்துத் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகளே காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர். கற்காமல் எதிர்த்தவரல்லர் அவர்.

மூன்றாம் நாள் நண்பரின் கடைக்கே சென்றோம். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். "படிக்கலாமா" என்ற வினாவுக்குத் தயக்கமின்றி ஆம் என்றோம். "சோறு கிடைக்குமா" என்பதற்கு வாக்குறுதி தர இயலாது என்றோம். வயிறு நிறைந்தவன் அமர்ந்துகொண்டு, கல்வி கல்விக்காகவே என்று பிறர் பிள்ளைக்கு உபதேசிப்பது எளிது. அந்த எளிமை நமக்கு வேண்டாம். பள்ளியில் இம்மொழியைப் பயிலாதவர்களையும் தொடக்கத்திலிருந்து ஏற்கும் கல்லூரி எது, விடுதிக் கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா என்பவற்றை விசாரித்தபின் சேர்க்கச் சொன்னோம். பி.எட். வரை தாங்குவதற்குப் பணம் உண்டா என்றும் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"பஞ்சர் ஒட்டறவன் பிள்ளை பஞ்சர் ஒட்டினா ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

சேர்த்துவிட்டார். முதல் விடுமுறையில் அவள் வந்திருந்தபோது, மூவரும் உத்திரமேரூர் சென்றோம். கல்லூரியில் தேவநாகரிதான் கற்பிக்கிறார்கள். கிரந்த எழுத்தை அவள் ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு தானே பழகியிருந்தாள். அந்த அட்டவணையும் கையுமாகச் சுவரருகே நின்று, "மந்" என்றாள்; "மந்த்ர" என்றாள்; அடுத்த கூட்டெழுத்தில் நின்றுவிட்டாள். தந்தை அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருப்பதால் இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று நம்மிடம் மெல்லக் கேட்டார்.