நோய் வந்த வழியைக் கேட்கலாமா?

அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு சகோதரரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். ஈரல் கெட்டு, வயிற்றில் நீர் கோத்துப் படுத்திருக்கிறார். திரும்பும்போது உடன் வந்த அன்பர் மெல்லக் கேட்டார்: "ஹஜ்ரத், குடிப் பழக்கமோ?"

மதுவை அவர் தொட்டதே இல்லை. எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்பவர் அவர்; தனிமையில் நம்மிடம் சொன்னார். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.) காமாலையின் 'பி' கிருமியும் அதைப் போலவே இரத்தத்தின் வழியாகவும் தாம்பத்தியத்தின் வழியாகவும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவக்கூடியது. இரண்டும் ஓருடலில் சேர்ந்தால் ஈரல் விரைந்து கெடும்.

சரி, பாவத்தால்தான் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் துருவி ஆராய நமக்கு உரிமை ஏது? நோயாளியை விசாரிப்பது சுன்னத். நோய் வந்த வழியை விசாரிப்பது சுன்னத் அல்லவே! ஒருவரது எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

இந்தக் கேள்விக்கு அஞ்சியே, உறவினர் வந்து தங்கிய நாட்களில் மாத்திரையை ஒளித்துவைத்து, உண்ணாமல் இருந்தாராம். டெனோபோவிர் என்னும் அம்மருந்து இரு கிருமிகளையும் அடக்குவது. நிறுத்தினால், அடங்கிக் கிடந்த 'பி' கிருமி சீறி எழுந்து ஈரலைத் தாக்கக்கூடும்.

வீட்டார் இரத்தப் பரிசோதனை செய்து, 'பி' தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும் என்று அவரிடம் சொல்லி வந்தோம். அன்பருக்கு, "அவருக்காக துஆச் செய்யுங்கள்" என்பதற்கு மேல் பதில் சொல்லவில்லை.