காலேஜ் பேரு சோறு போடுமா?



கவுன்சிலிங் சீசன் வந்தாலே எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். போன வாரம் எங்க பெரியம்மா பேத்தி போன் பண்ணினாள். கட்-ஆஃப் 186. "மாமா, சென்னையில பெரிய காலேஜ் கிடைக்கும் போல இருக்கு. நம்ம ஊர்ல இருந்து பஸ்ல போய் வர்ற காலேஜும் கிடைக்கும். ரெண்டுலயும் எலக்ட்ரானிக்ஸ்தான். அப்புறம் எதுக்கு ஹாஸ்டல் செலவு? பேருக்காகவா?"

உடனே பதில் சொல்ல முடியலை. ஏன்னா அதே கேள்வி 2015-ல எனக்கும் வந்தது.

அப்போ கவுன்சிலிங் ஆன்லைன் கிடையாது. அப்பாவும் நானும் ராத்திரி பஸ் ஏறி, காலையில கிண்டி அண்ணா பல்கலைக்கழக வாசல்ல போய் நின்னோம். உள்ளே பெரிய திரையில ஒவ்வொரு காலேஜிலும் மிச்சம் இருக்கிற சீட் குறைஞ்சுகிட்டே வந்தது. அப்பா மெதுவா சொன்னார்: "பேரு சோறு போடாது தம்பி. படிப்புதான் போடும்." நான் வீட்டுப் பக்கத்துக் காலேஜையே எடுத்தேன்.

அப்பா சொன்னது பாதி உண்மை. பேர் பெற்ற காலேஜ் ஒரு சல்லடை மாதிரி. நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளை முதலிலேயே சலித்து எடுத்துக்கொள்கிறது. அவர்கள் ஜெயித்தால் காலேஜுக்குப் பேர். ஆனால் எங்கே போயிருந்தாலும் அவர்களில் பலர் ஜெயித்திருப்பார்கள். அமெரிக்காவில் டேல், க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-ல வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது. பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் சாதாரண இடத்தில் படித்தவர்கள், பின்னாளில் சம்பளத்தில் பெரிதாகப் பின்தங்கவில்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கு. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய இடம் நிஜமாகவே கூடுதல் பலன் தந்தது. யோசிச்சுப் பாருங்க. வசதியான வீட்டுப் பையனுக்கு மாமா, சித்தப்பா, அப்பாவோட நண்பர்னு பத்துக் கதவு இருக்கு. நம்ம பிள்ளைக்கு காலேஜ் பேர்தான் ஒரே கதவு. "பேர்ல என்ன இருக்கு" என்று சுலபமாகச் சொல்கிறவர்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவர்களிடம் ஏதோ ஒரு பேர் ஏற்கெனவே இருக்கும்.

இப்போ என் தப்பைச் சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்னாடி, ஆபீஸ்ல ஒரே ஒரு வேலைக்கு முந்நூறு ரெஸ்யூம் என்னிடம் வந்தது. மறுநாள் காலைக்குள் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கணும். நான் காலேஜ் பேரை மட்டும் பார்த்து மீதியை ஒதுக்கிட்டேன். அப்புறம் ஒருநாள் அந்த ஒதுக்கின பட்டியலைத் தற்செயலாப் பார்த்தேன். அதுல ஒரு பையன் என் காலேஜ். அவன் ரெஸ்யூமை நான் திறக்கவே இல்லை.

படிப்பு முடிச்சு எட்டு மாசம் வேலை இல்லாம அலைஞ்சப்போ, என்னை யார் இப்படி ஒதுக்கினாங்கன்னு கோபப்பட்டவன் நான். அந்த ஆள் நானாகவே ஆகிட்டேன்.

அதனால பாப்பாகிட்ட உண்மையைச் சொன்னேன். "உன் மார்க்குக்கு நேர்வழியில பெரிய காலேஜ் கிடைச்சா எடுத்துக்கோ. முதல் பட்டதாரி சலுகை இருக்கு, ஹாஸ்டல் செலவை நாங்க நாலு பேர் சேர்ந்து பார்த்துக்கிறோம். ஆனா நன்கொடை கொடுத்தோ, வீட்டை அடமானம் வச்சோ அந்தப் பேரை வாங்காதே. கிடைக்கலைன்னா அழாதே. கிண்டி காலேஜே 1794-ல ஒரு நில அளவைப் பள்ளியாத்தான் ஆரம்பிச்சது. அன்னைக்கு அதுக்கு ஏது பேரு? படிச்சு வெளியே வந்தவங்க சேர்த்துக் கொடுத்ததுதானே!"

பேர் முக்கியமா? கதவு திறக்கிற வரைக்கும் முக்கியம். அது நியாயமான்னு கேட்டா, இல்லை. அந்தக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிற நம்மைப் போன்றவர்கள்தான் அதை மாத்தணும். இப்போ நான் முதலில் பையன் எழுதின புரோகிராமைப் பார்க்கிறேன். காலேஜ் பேரைக் கடைசியில்தான் பார்க்கிறேன். நேரம் கூடுதலாத்தான் ஆகுது. ஆகட்டும்.

உங்க வீட்டிலும் பிளஸ் டூ முடிச்ச பிள்ளை இருந்தா, இதைப் படிச்சுக் காட்டுங்க. எல்லாப் பிள்ளைகளும் நல்லா இருக்கட்டும்!