நோயாளர் உரிமையும் ஊழியர் நலமும்

பிறர் நோயைத் தீர்க்கும் பணியில் ஒருவர் தம் உடல்நலத்தை எவ்வளவு தூரம் இழக்கலாம்? அவ்விழப்பைக் கடமையெனக் கோரும் உரிமை சமூகத்திற்கு உண்டா? ஒழுக்கவியல் எழுப்பும் இவ்வினா இலங்கைக்குப் புறம்பானதன்று.

1926இல் களுத்துறையில் தொடங்கப்பெற்ற சுகாதாரப் பிரிவு முறை, நோய் வராது காத்தலையும் அரசின் கடமையாக்கியது. வீடுதோறும் சென்ற மருத்துவமாதரின் உழைப்பு, பிரசவத்தில் தாய்மார் இறப்பது இந்நாட்டிற் பெரிதும் குறைந்தமைக்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளர் கட்டணம் செலுத்துவதில்லை. ஆயினும் செலவு இல்லாமற் போய்விடவில்லை. அதனை வரியிறுப்போர் ஏற்கின்றனர். ஒதுக்கப்படும் நிதி போதாதவிடத்து, எஞ்சியதை வைத்தியரும் தாதியரும் சிற்றூழியரும் தம் உறக்கத்தால் ஈடுசெய்கின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர் பலர் நாட்டை நீங்கியபோது, எஞ்சியோர்மீது விழுந்த சுமை இதனைத் தெளிவாக்கிற்று.

சேவை என்பது தியாகமே, அதற்கு நேரக்கணக்கு எதற்கு எனச் சிலர் வினவுவர். தியாகம் ஒருவர் தாமே விரும்பி அளிக்கும்போது அறமாகும். கடமைப்பட்டியலில் எழுதி வாங்கப்படும்போது சுரண்டலாகும். மேலும், களைப்புற்ற கை மருந்தின் அளவிற் பிழைபடும். எனவே ஊழியரின் ஓய்வு நோயாளரின் பாதுகாப்பில் ஒரு கூறேயாம்.

எனினும் வேலைநேரத்தைக் குறைத்தல் மட்டும் போதாது. நியூயோர்க் மாநிலம் 1989இல் பயிற்சி வைத்தியரின் வேலையை வாரத்துக்கு 80 மணித்தியாலங்களுக்கு வரையறுத்தது. இத்தகைய வரையறையாற் களைப்புக் குறையினும், நோயாளரை ஒருவர் மற்றொருவரிடம் கையளிக்கும் தடவைகள் பெருகும். அப்போது சொல்லாது விடப்படும் ஒரு செய்தியும் உயிரைப் போக்கவல்லது. ஆதலின் நேரவரையறையோடு வெற்றிடங்களை நிரப்புதலும் ஒழுங்கான கையளிப்பும் ஒருங்கே வரல் வேண்டும்.

ஊழியருக்கும் ஒரு கடப்பாடு உண்டு. நியாயமான கோரிக்கையும் வேலைநிறுத்தமாக முற்றும்போது, தனியார் வைத்தியசாலைக்குச் செல்ல வழியற்ற ஏழையே அதன் விலையைச் செலுத்துகிறான். அந்நிலை வருமுன் கோரிக்கைக்குச் செவிசாய்க்கும் அரசே இருசாரார்க்கும் அறம் செய்ததாகும்.

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என நாற்கூறாக வகுத்தார். பணிசெய்வோனையும் மருத்துவத்தின் உறுப்பாகவே அவர் எண்ணினார் என்பது கருதத்தக்கது. அவ்வுறுப்பைத் தேயவிட்டு நோயாளனைக் காக்க முயலும் சீர்திருத்தம் எதுவும் நெடுநாள் நிலைக்காது.